சூல்வலிப்பு: ஒரு நோயின் வரலாறும் ஓர் உப்பின் வரலாறும்

கருவுற்று இருபது வாரங்களைக் கடந்த பெண்ணுக்கு, அதுவரை இயல்பாக இருந்த இரத்த அழுத்தம் 140/90 அளவுக்கோ அதற்கு மேலோ ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறத் தொடங்கினால் அந்நிலையை முன்சூல்வலிப்பு (பிரீ-எக்லாம்ப்சியா) என்பர். அது முற்றி வலிப்பு வந்துவிட்டால் சூல்வலிப்பு (எக்லாம்ப்சியா). கருவுற்ற பெண்கள் நூறு பேரில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு முன்சூல்வலிப்பு வருவதாகக் கணக்கிடப்படுகிறது. உலகில் பேறுகாலத்தை ஒட்டி நிகழும் தாய் இறப்புகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று கர்ப்பகால இரத்த அழுத்தத்தால் நேர்கிறது. தாயின் மூளையில் இரத்தக்கசிவு, சிறுநீரகமும் ஈரலும் செயலிழத்தல், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குழந்தை வளர்ச்சி குன்றுதல், குறைமாதப் பிறப்பு, வயிற்றிலேயே இறத்தல் என்று அதன் விளைவுகள் நீளும்.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. பெரும்பாலான நோய்களில் முதலில் காரணம் தெரியும், பிறகு மருந்து வரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இங்கே காரணம் இன்றும் முழுதாகத் தெரியவில்லை. ஆனாலும் இறப்பு பெருமளவு குறைந்தது. குறைத்தவை பெரிய கோட்பாடுகள் அல்ல. அளப்பதும் எண்ணுவதும் ஒப்பிடுவதும்தான் குறைத்தன. கோட்பாடுகளோ பலமுறை தாய்மாரைப் பலிவாங்கின.

வலிப்பு மட்டும் தெரிந்த காலம்

ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவத் தொகுப்பில், கர்ப்பிணிக்குத் தலைவலியும் தலைப்பாரமும் மந்தமும் வலிப்போடு சேர்ந்து வந்தால் அது நல்ல அறிகுறி அன்று என்ற குறிப்பு இருக்கிறது. இன்றைய மருத்துவச் செவிலியர் ஒருவர் கர்ப்பிணியிடம் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே: தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் கேள்வி மாறவில்லை.

எக்லாம்ப்சியா என்ற சொல் மின்னல்போலத் திடீரென ஒளிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோய் எந்த முன்னறிவிப்பும் இன்றி வெட்டுகிறது என்பதே அந்தப் பெயரின் பொருள். உண்மையில் முன்னறிவிப்பு இருந்தது. அதைப் பார்க்கும் கருவிதான் இல்லை. தமிழில் வழங்கிய பெயரும் வலிப்பை மட்டுமே கண்டது. பிரசவ ஜன்னி என்று சொன்னார்கள். பேறுகாலத்துக்குப் பின் கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலும் பிதற்றலும்கூட அதே ஜன்னிதான். "ஜன்னி கண்டு போய்விட்டாள்" என்று பழைய குடும்பக் கதைகளில் வரும் வாக்கியத்துக்குப் பின்னால் எந்த நோய் இருந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா மோரிசோ 1668இல் வெளியிட்ட மகப்பேற்று நூலால் ஐரோப்பா முழுதும் அறியப்பட்டவர். முதல் பேற்றுப் பெண்களுக்கே இவ்வலிப்பு மிகுதியாக வருகிறது என்பதை அவர் கவனித்தார். அது சரியான அவதானிப்பு. காரணம் சொல்லப் புகுந்தபோதுதான் வழி தவறினார். மாதவிலக்கு நின்றதால் உடலில் தேங்கிய இரத்தம் தலைக்கேறுகிறது என்று கருதிக் கையிலிருந்து குருதி வடிக்கச் சொன்னார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூல்வலிப்புக்குக் குருதி வடித்தலே முதன்மை மருத்துவம். 1739இல் பிரான்சின் போசியே த சொவாஜ் இதைக் காக்காய்வலிப்பிலிருந்து வேறு என்று பிரித்துக் காட்டினார். திடீரென வந்து போவது எக்லாம்ப்சியா, நாட்பட்டுத் திரும்பத் திரும்ப வருவது காக்காய்வலிப்பு என்றார். மருத்துவம் அதனால் மாறிவிடவில்லை.

சிறுநீரும் பாதரசமும்

திருப்பம் 1843இல் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் நடந்தது. அதே மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்பவர் சிறுநீரக நோயாளிகளின் சிறுநீரைச் சூடாக்கினால் அதில் உள்ள புரதம் திரள்கிறது என்று 1827இல் காட்டியிருந்தார். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெண்மையாகத் திரள்வதைப் போன்றதுதான் இது. அங்கே மகப்பேறு பார்த்த ஜான் லீவர், வலிப்பு வந்த தாய்மார் முகம் வீங்கி, பிரைட்டின் நோயாளிகளைப் போலவே இருப்பதைப் பார்த்து, அவர்களுடைய சிறுநீரையும் சூடாக்கிப் பார்த்தார். புரதம் திரண்டது.

லீவர் அதோடு நிறுத்திக்கொள்ளாததுதான் அவருடைய சிறப்பு. வலிப்பு இல்லாத ஐம்பதுக்கும் மேற்பட்ட பேறுகாலப் பெண்களின் சிறுநீரையும் சோதித்தார். நோயின் அறிகுறி தென்பட்டவர்களைத் தவிர வேறு எவருக்கும் புரதம் இல்லை. குழந்தை பிறந்த சில நாட்களில் அது மறைந்துபோவதையும் கண்டார். ஆக, இது பிரைட்டின் நோய் அன்று. கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகும் தனி நோய். அதே ஆண்டில் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சனும் தனியாக இதைக் கண்டறிந்தார். இவர்தான் பின்னாளில் பிரசவத்தில் குளோரோபார்ம் பயன்படுத்திப் புகழ்பெற்றவர்.

அடுத்தது இரத்த அழுத்தம். 1894இல் லியோன் நகரின் வினே, சிறுநீரில் புரதம் உள்ள கர்ப்பிணிகளுக்கு அழுத்தமும் உயர்ந்திருப்பதைக் குறித்தார். அன்றிருந்த கருவிகள் எளிதில் கையாளத் தக்கவை அல்ல. 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி, கையில் பட்டை சுற்றிப் பாதரச உயரத்தால் அளக்கும் முறையை உருவாக்கினார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்காவ், பட்டைக்குக் கீழே ஒலிமானியை வைத்து ஒலி தோன்றுவதையும் மறைவதையும் கேட்டு இரு அளவுகளையும் அறியலாம் என்றார். அண்மைக்காலம் வரை நம் ஆரம்ப சுகாதார நிலைய மேசையில் இருந்த பாதரசப் பெட்டி அவ்விருவரின் சேர்க்கை.

இவற்றால் மின்னல் முன்கூட்டியே தெரியத் தொடங்கியது. வலிப்பு வருவதற்கு நாட்களுக்கு முன்பே, சில வேளை வாரங்களுக்கு முன்பே, அழுத்தம் ஏறுகிறது. அப்படியானால் நலமாக இருக்கும் கர்ப்பிணியையும் அடிக்கடி பார்க்க வேண்டும். நோய் வராத ஒருவரை மருத்துவர் திரும்பத் திரும்ப வரச்சொல்வது அன்று புதிய எண்ணம். எடின்பரோவின் பாலன்டைன் 1901இல் கர்ப்பிணிகளுக்கெனத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று எழுதினார். 1929இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்துக்காக ஜேனட் கேம்பல் வகுத்த வரிசை உலகெங்கும் பரவியது: 28ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, 36க்குப் பின் வாரந்தோறும். கடைசி மாதங்களில் ஏன் இத்தனை நெருக்கம் என்று பலர் கேட்பதுண்டு. முன்சூல்வலிப்பு மிகுதியாகத் தலைகாட்டும் காலம் அதுதான்.

கோட்பாடுகளின் நோய்

லைப்சிக் நகரின் பவுல் சுவைஃபெல் 1916இல் இதைக் கோட்பாடுகளின் நோய் என்று வருணித்தார். சிறுநீரகம், ஈரல், குடல், தைராய்டு, கருவின் கழிவு என்று ஒவ்வொன்றும் தன் முறைக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. ஏதோ ஒரு நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது என்பது இவற்றின் பொதுக்கூறு. அதனால் நோயின் பெயரே டாக்சீமியா, அதாவது குருதி நச்சு, என்று ஆனது. அந்த நஞ்சை ஒருவரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. பெயர் மட்டும் 1970கள் வரை பாடநூல்களில் நிலைத்தது. தமிழில் நஞ்சுக்கொடி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் அக்கோட்பாட்டாளர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

சிகாகோவின் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றின் சுவரில் பெரும் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே ஒன்று காலியாக விடப்பட்டிருக்கிறது, எக்லாம்ப்சியாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்காக அது காத்திருக்கிறது என்பது மருத்துவ மாணவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் கதை.

1983இல் அந்த இடத்தை ஒரு புழு பிடித்துவிடும் போலிருந்தது. முன்சூல்வலிப்பு உள்ள பெண்களின் இரத்தத்தில் புழுப்போன்ற ஓர் உயிரியைக் கண்டதாக அமெரிக்காவின் முதன்மையான மகப்பேற்று இதழிலேயே கட்டுரை வந்தது. ஹைடடாக்சி லுவால்பா என்று பெயரும் சூட்டியாயிற்று. விரைவிலேயே மற்றவர்கள் சோதித்தபோது, அது உயிரியே அன்று, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்ட புறப்பொருள்களின் தோற்றமயக்கம் என்று தெரிந்தது.

இதில் சிரிக்க இடமுண்டு. எல்லாக் கோட்பாடுகளும் இப்படித் தீங்கின்றிப் போய்விடவில்லை. முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் சூல்வலிப்பு குறைந்ததாகக் கூறப்பட்டது. அதிலிருந்து குறைவாக உண்டால் நோய் வராது என்ற முடிவுக்குத் தாவினார்கள். பல பத்தாண்டுகள் மேலைநாட்டுக் கர்ப்பிணிகளின் எடையை மருத்துவர்கள் இறுக்கிப் பிடித்தார்கள். உப்பை நிறுத்தினார்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இவற்றால் நோய் குறையவில்லை. இந்நோயில் வெளியே கால் வீங்கியிருந்தாலும் இரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்தே இருக்கும். அதை மேலும் வற்றவைப்பது எதிர்மறை விளைவு தரும் என்பது பிறகுதான் தெளிவானது. கால் வீக்கமே நோயின் இலக்கணத்திலிருந்து பின்னர் நீக்கப்பட்டது. நலமான கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் கால் வீங்கத்தான் செய்கிறது. நம் வீடுகளில் இன்னும் உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை அந்தப் பழைய கோட்பாட்டின் எச்சம்.

பலவந்தமும் அமைதியும்

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறினால் நோய் தணிகிறது என்பது தெரிந்ததும், உடனே வெளியேற்றிவிட வேண்டும் என்ற கட்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. வலிப்பில் கிடக்கும் பெண்ணின் கருப்பை வாயைக் கையால் பலவந்தமாக விரித்தார்கள். கத்தியால் கீறினார்கள். 1889இல் நெதர்லாந்தின் ஹால்பர்ட்ஸ்மா வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கும் வழியை முன்வைத்தார். தர்க்கம் பிழையன்று. ஆனால் இரத்தம் ஏற்ற வசதியில்லை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில்லை, மயக்கம் கொடுப்பது குளோரோபார்ம். வலிப்பில் பிழைத்தவர் அறுவையில் இறந்தார். அக்காலத்தில் சூல்வலிப்பு கண்ட நூறு பெண்களில் இருபது, முப்பது பேர் இறப்பது வழக்கமாக இருந்தது.

இதற்கு நேர்மாறான பாதையில் சென்றவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் வசீலி ஸ்ட்ரோகனாவ். 1890களின் பிற்பகுதியிலிருந்து அவர் கையாண்ட முறை இது: இருண்ட, சத்தமில்லாத அறை, மார்பீனும் குளோரல் ஹைட்ரேட்டும் மாறிமாறி, ஊசி போடுவதற்கும் பரிசோதிப்பதற்கும்கூட இலேசான மயக்கம். தொடுவதும் ஒலியும் வெளிச்சமும் வலிப்பைத் தூண்டும் என்பது அவர் கணிப்பு. வலிப்பு அடங்கும்வரை பேற்றை விரைவுபடுத்துவதில்லை. அவரிடம் இறப்பு மற்றவர்களிடம் இருந்ததைவிடப் பலமடங்கு குறைந்தது. பலர் நம்பவில்லை. அவர் நாடுநாடாகச் சென்று செய்துகாட்டினார். 1922இல் பிரிட்டனின் ஈடன் சுமார் 2000 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, பலவந்தப் பேறும் அவசர அறுவையும்தான் மிகுந்த இறப்புக்கு ஆளாயின என்பது எண்களாகவே நின்றது. அதன்பின் கத்தி சற்றுப் பின்வாங்கியது.

இங்கே என் கருத்து ஒன்று. ஸ்ட்ரோகனாவின் வெற்றியில் மார்பீனின் பங்கு எவ்வளவு, சும்மா இருந்ததன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. குருதி வடித்தலையும் பலவந்தத்தையும் நிறுத்தியதே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

பேதி உப்பு

இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரில் 1618இல் கடும் கோடையிலும் மாடுகள் குடிக்க மறுத்த கசப்பு நீரூற்று ஒன்றிலிருந்து கிடைத்ததாகச் சொல்லப்படும் உப்பு மக்னீசியம் சல்பேட். நம் நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மெல்ட்சர் இதை உடலில் செலுத்தினால் நரம்பும் தசையும் தளர்வதைக் காட்டினார். முதலில் ரணஜன்னிக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு ஜன்னியை அடக்குவது இன்னொன்றையும் அடக்கலாம் என்ற எண்ணத்தில் 1906இல் ஜெர்மனியின் ஹார்ன் அதைச் சூல்வலிப்பு நோயாளிக்குத் தண்டுவட நீரில் செலுத்தினார். லாஸ் ஏஞ்சலிஸில் லசார்ட் 1920களின் நடுவில் நாளத்தின் வழியாகக் கொடுத்தார். செயின்ட் லூயிஸில் டார்செட் 1926இல் தசையில் போட்டார்.

அதை ஒழுங்கான முறையாக்கியவர் டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில், பார்க்லாண்ட் மருத்துவமனையில் பணியாற்றிய ஜாக் பிரிட்சர்ட். 1955இல் எழுதினார். நாளத்தில் 4 கிராம், இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம், பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் மூன்றே சோதனை: முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு போதிய அளவில் இருக்கிறதா, சிறுநீர் பிரிகிறதா? மக்னீசியம் மிகுந்தால் முதலில் முழங்கால் உதறல் போகும், அதற்குப் பிறகே மூச்சு அடங்கும். அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. மீறினால் கால்சியம் குளுக்கோனேட் மாற்று மருந்து. சிறுநீரகம் வழியாகவே இவ்வுப்பு வெளியேறுவதால் சிறுநீரின் அளவைப் பார்க்க வேண்டும். ஆய்வகம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு ரப்பர் சுத்தியலும் அளவுக் குவளையும் கடிகாரமும் போதும். 1984இல் அம்மருத்துவமனை 245 சூல்வலிப்பு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டபோது இறந்தவர் ஒரே ஒருவர்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அமெரிக்காவுக்கு வெளியே உலகின் பெரும்பகுதி இந்த உப்பைத் தொடவில்லை. நரம்பியல் மருத்துவர்கள் ஏற்கவில்லை. வலிப்புக்கு வலிப்பு மருந்துதான் தர வேண்டும், பேதி உப்பு மூளைக்குள் போய் என்ன செய்யும் என்பது அவர்கள் வாதம். 1988இல் ஒரே நரம்பியல் இதழில் மக்னீசியம் வலிப்பைத் தடுக்கும் என்றும் தடுக்காது என்றும் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஐரோப்பாவில் டையாசிபாம், பிறகு பெனிட்டாயின். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் எடுத்த ஒரு கருத்தாய்வில் மக்னீசியம் பயன்படுத்திய மகப்பேற்று மருத்துவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

சென்னையின் முறை

இக்காலத்தில் இந்தியாவில் என்ன செய்தார்கள்? அதற்குச் சென்னையில் விடை இருக்கிறது. எழும்பூரில் இருக்கும் அரசு மகளிர் மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது, ஆசியாவின் பழைய மகப்பேறு மருத்துவமனைகளில் ஒன்று. ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரின் பெயரோடு அது பிணைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் மகப்பேற்று மருத்துவர். அவரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் பெயர் பொறித்த மகப்பேற்றுப் பாடநூல் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

மேனன் எதிர்கொண்ட நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கர்ப்பகாலத்தில் ஒருமுறைகூட அழுத்தம் பார்க்கப்படாத பெண்கள், வலிப்பு பலமுறை வந்த பிறகு, தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவரப்படுவார்கள். வலிப்பையும் அழுத்தத்தையும் ஒருசேர அடக்க ஏதாவது வேண்டும். பிரான்சில் அறுவை நோயாளிகளை அமைதிப்படுத்த ஹென்றி லபோரி உருவாக்கியிருந்த மருந்துக் கலவையை மேனன் எடுத்துக்கொண்டார். குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் ஆகிய மூன்றும் சேர்ந்தது. லிட்டிக் காக்டெயில் என்று பெயர். 1961இல் பிரிட்டிஷ் மகப்பேற்று இதழில் சூல்வலிப்பு மருத்துவத்தின் வளர்ச்சி பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியானது. முந்தைய முறைகளைவிட இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. மேனன் முறை என்ற பெயரில் இந்தியா முழுதும், பிற நாடுகளிலும் அது பரவியது. இரண்டு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கற்றுப் பயன்படுத்தினார்கள்.

இன்று அம்முறை கைவிடப்பட்டுவிட்டது. பின்னாளில் மக்னீசியத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளில், காக்டெயில் கொடுத்தவர்களுக்கே வலிப்பு மிகுதியாகத் திரும்பியது, இறப்பும் மிகுதி. மூன்று மருந்துமே ஆழ்ந்த மயக்கத்தைத் தருபவை, மூச்சை மட்டுப்படுத்துபவை. இதனால் மேனனைக் குறைசொல்வது நியாயமன்று. 1961இல் அவரிடம் இருந்தது அவருடைய மருத்துவமனைக் கணக்கு மட்டும். அதை அவர் நேர்மையாக எழுதி உலகின் முன் வைத்தார். டல்லாஸிலும் அதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பழைய முறையோடு தன் புதிய முறையை ஒப்பிட்டது. இடையில் மாறிய மற்றவற்றை, அதாவது இரத்த வங்கி, பெனிசிலின், நல்ல மயக்க மருந்து ஆகியவற்றை, எவரும் கழித்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்தால் எல்லா முறையும் வென்ற முறையாகவே தெரியும்.

எண்கொண்ட பெட்டிகள்

இந்த முடிச்சை அவிழ்த்தது 1995. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லேலியா டூலி ஒருங்கிணைத்த கூட்டுச் சோதனை இந்தியா உட்பட ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. நோய் மிகுதியாக இருந்த இடங்களிலேயே சோதனையை நடத்தியது அதன் வலிமை. வரிசை எண் இட்டு மூடிய பெட்டிகள் பிரசவ அறையில் இருக்கும். வலிப்போடு ஒரு பெண் வந்ததும் அடுத்த எண்ணுள்ள பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்த மருந்தோ அதுதான் அவருக்கு. மருத்துவரின் விருப்பத்துக்கோ செல்வாக்குக்கோ இடமில்லை.

மொத்தம் 1687 பெண்கள். டையாசிபாம் பெற்றவர்களில் 27.9 விழுக்காட்டினருக்கு வலிப்பு மீண்டும் வந்தது. மக்னீசியம் பெற்றவர்களில் 13.2. பெனிட்டாயினோடு ஒப்பிட்ட குழுவில் 17.1க்கு 5.7. பெனிட்டாயின் பெற்றவர்களுக்கு நிமோனியாவும் செயற்கைச் சுவாசத் தேவையும்கூட மிகுதி. எழுபது ஆண்டுச் சண்டை ஓர் இதழின் சில பக்கங்களில் முடிந்தது. அதே ஆண்டு டல்லாஸிலிருந்து வந்த ஆய்வில், வலிப்பு இன்னும் வராத பெண்களில் பெனிட்டாயின் பெற்ற 1089 பேரில் பத்துப் பேருக்கு வலிப்பு வந்தது. மக்னீசியம் பெற்ற 1049 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 2002இல் 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த மேக்பை சோதனை, முன்சூல்வலிப்பு நிலையிலேயே கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே, 58 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. 1996இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இவ்வுப்பு இடம்பெற்றது.

1925க்கும் 1995க்கும் இடையில் இந்த மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் கிடைக்காமல் போன பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கிட வழியில்லை. மருந்து மலிவு என்பதுகூட ஒரு தடையாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உரிமை கோரி விற்க முடியாத உப்புக்காகப் பெரிய சோதனையை நடத்த எந்த மருந்து நிறுவனத்துக்கும் காரணமில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்றும் முழுதாகத் தெரியாது. இரத்த அழுத்தத்தை அது குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. அழுத்தத்துக்குத் தனி மருந்து தந்தே ஆக வேண்டும்.

நஞ்சுக்கொடியின் பக்கம்

காரணத் தேடலும் மெல்ல நகர்ந்தது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் கருப்பையில் குழந்தை இராது. திராட்சைக் குலை போன்ற நஞ்சுக்கொடித் திசு மட்டும் வளரும். அதிலும் முன்சூல்வலிப்பு வருகிறது. ஆகவே குற்றவாளி குழந்தை அன்று, நஞ்சுக்கொடி. 1960களிலும் 1970களிலும் பெல்ஜியத்தின் பிராசன்ஸ் முதலியோர், கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள் கர்ப்பத்தில் அகன்று தளர வேண்டியவை, இந்நோயில் குறுகியே நின்றுவிடுவதைக் கண்டனர். 2003இல் பாஸ்டனில் ஆனந்த் கருமஞ்சியின் குழு, அவ்வாறு இரத்தம் போதாத நஞ்சுக்கொடி ஒரு புரதத்தை மிகுதியாகச் சுரந்து தாயின் இரத்தத்தில் விடுகிறது, அது இரத்தக்குழாய்களின் உட்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கவர்ந்து முடக்குகிறது என்று காட்டியது. எலிக்கு அப்புரதத்தைச் செலுத்தியபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. கருமஞ்சி சென்னையில் மருத்துவம் படித்தவர். பழைய டாக்சீமியாக்காரர்கள் தேடிய நஞ்சுக்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிக நெருங்கியது இதுதான். இந்தப் புரதத்தை அளந்து நோய் முற்றுமா என்று கணிக்கும் சோதனைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. சுருள் தமனிகள் ஏன் தளர மறுக்கின்றன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தடுப்பில் இரண்டு செய்திகள். குவாத்தமாலாவின் மாயப் பழங்குடிப் பெண்கள் வறியவர்கள், ஆயினும் அவர்களிடம் சூல்வலிப்பு குறைவு என்பதை 1980இல் பெலிசான், வில்யார் ஆகியோர் கவனப்படுத்தினர். அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தே சமைப்பார்கள். கால்சியம் போதாத உணவுள்ள நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தரும் பரிந்துரை அங்கிருந்து பிறந்தது. மற்றது ஆஸ்பிரின். பல ஆண்டு இழுபறிக்குப் பின், 2017இல் வெளியான ஆய்வில், நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 1776 பெண்களில் இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் குறைமாத முன்சூல்வலிப்பு 1.6 விழுக்காடு, எடுக்காதவர்களுக்கு 4.3. மூன்றாம், நான்காம் மாதத்திலேயே தொடங்கினால்தான் பயன். மருத்துவர் சொல்லாமல் எவரும் தாமாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று.

பிழைத்தவர்களின் பிற்காலம்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் மருத்துவரே அல்லாத லியோன் செஸ்லி. உயிர்வேதியியல் படித்தவர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேறு வேலை அமையாமல் நியூஜெர்சியின் மார்கரெட் ஹேக் மகப்பேறு மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே 1931 முதல் 1951 வரை சூல்வலிப்பில் பிழைத்த 270 பெண்களை அவர் விடாமல் பின்தொடர்ந்தார். ஆண்டுகள் அல்ல, பத்தாண்டுகள். ஊர் மாறியவர்களைத் தேடிப்போய் அழுத்தம் பார்த்தார். ஒருவரைத் தவிர அனைவரையும் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் பேற்றில் சூல்வலிப்பு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்த நோய் மற்றவர்களைவிட மிகுதியாக வருவதில்லை, பிந்தைய பேறுகளில் வந்தவர்களுக்கே வருகிறது என்பது அவர் முடிவு. பின்வந்த பெரிய ஆய்வுகள் இதை முழுதும் ஏற்கவில்லை. முன்சூல்வலிப்பு கண்ட பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று 2007இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஆய்வு காட்டியது. பக்கவாதமும் அப்படியே. நஞ்சுக்கொடி வெளியேறியதும் நோய் முடிந்தது என்று லீவர் காலம் முதல் எண்ணி வந்தது இங்கே திருத்தம் பெறுகிறது. பேறு முடிந்த சில நாட்களுக்குப் பிறகும் வலிப்பு வரலாம். அழுத்தம் ஆறு வாரங்களில் இறங்கிவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதில் நெஞ்சுவலியோடு வரும் பெண்ணிடம், கர்ப்பகாலத்தில் அழுத்தம் இருந்ததா என்று இருதய மருத்துவர்கள் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.